அக்காவுக்கு நான் சமைத்த கீரை

அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று வந்தது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. டாக்டர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் நடங்கள், அரிசியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான் அப்படி எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. அன்று மாலையே தொம்மலூர்ச் சந்துமுனையில் கீரை விற்கும் அம்மாவிடம் ஐந்து கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஐந்தையும் அன்றைக்கே ஆய்ந்தேன். ஒரு ஆளுக்கு ஐந்து கட்டுக் கீரை எதற்கு என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குச் சும்மா உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிடும்போது எழுந்து நடப்பேன், பேசும்போது எதையாவது கையில் எடுத்து உருட்டுவேன். வேலையும் அதற்கேற்ற மாதிரி அமைந்துவிட்டது. எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் கணினிகள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று இங்கே பெங்களூரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஏதாவது நின்றுபோனால் போன் அலறும். அலறாத நாளில் ஏன் இன்னும் அலறவில்லை என்று எனக்குக் கால் ஆடும். கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் பிரிந்துவிட்டோம். கூட இருந்தவள் போகும்போது சொன்னது, உன் பக்கத்தில் இருந்தால் ரயில்வே ஸ்டேஷனில் இருப்பது போலிருக்கிறது என்பதுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சமையல் என் கைகளுக்கு ஒரு வேலை கொடுத்தது. வேலைக்கு நடுவே, மீட்டிங்குகளுக்கு நடுவே, சில சமயம் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டே, காய் நறுக்கினேன். வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை, பாக்கெட் எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்துக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வரகு, சாமை, கேழ்வரகு, முழுப் பயறு, தோல் நீக்காத உளுந்து எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் வந்து உட்கார்ந்தன. எதையும் தோல் சீவக்கூடாது, எதையும் தூக்கி எறியக்கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். பீட்ரூட் இலையைப் பொரியல் செய்தேன். காலிஃபிளவர் தண்டைக் கூட்டில் போட்டேன். பூசணித் தோலைத் துவையலாக அரைத்தேன். கீரை வேகவைத்த தண்ணீரில் மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு சூப்பாகக் குடித்தேன். சத்தெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று அலுவலகத்தில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. இடுப்பில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த ஜெயித்த சூடு இன்னும் ஆறாமல் இருந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள்.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். வாணியம்பாடி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா இறந்து ஏழெட்டு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அவள் இருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னதால் நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பெட்டி, ஒரு கட்டைப்பை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் அவள் சாமான். நீண்ட நாளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு என்பது எனக்குத் தெரியும். மாத்திரை டப்பாவை அவள் சமையலறை ஜன்னலில் வைத்தபோது, இன்னும் ஆறு மாதத்தில் இதில் பாதியைக் குறைத்துக் காட்டுகிறேன் பார் என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

அக்காவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமையல் நடத்தியவள் அவள். ஒரு கூடைக் கத்திரிக்காயைப் பார்த்தால் எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லிவிடுவாள். அவளை நான் ஹாலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டாய், இனிமேல் நான் ஆக்கிப் போடுகிறேன் என்றேன். அதைப் பாசத்தில் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுந்ததும் வாழைத்தண்டுச் சாறு. சிறுநீரகத்துக்கு நல்லது என்று எங்கோ கேட்டிருந்தேன். பத்து மணிக்கு இளநீர். மதியம் வரகுச் சோறு, பச்சைப்பயறு போட்ட முருங்கைக்கீரைக் கூட்டு, பீட்ரூட் பொரியல், தக்காளி ரசம். நாலு மணிக்கு ஒரு கொய்யாவோ இரண்டு வாழைப்பழமோ. ராத்திரி கீரை சூப்பும் கேழ்வரகு அடையும். குளிர்காலத்தில் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக அவரைக்காய் வந்து குவியும்போது தினம் அவரைக்கொட்டைதான். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத அளவு. உப்பு அதைவிடக் கம்மி. ஊறுகாய் ஜாடியை அவள் பெட்டியிலிருந்து எடுத்து நானே குப்பையில் போட்டேன்.

அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். தட்டில் எதையும் மிச்சம் வைப்பது அவள் வழக்கம் இல்லை. சில நாள் சாறு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக எதிரே இருக்கும் அலுவலகக் கட்டடத்தின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லாதான் இருக்குது என்பாள். அந்த "தான்" என் காதில் விழவே இல்லை.

இரண்டரை மாதம் போயிருக்கும். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றுவிட்டாள். கால் கனக்கிறது, மரத்தாற்போல இருக்கிறது என்றாள். சத்துக் குறைவுதான் என்று நான் உடனே முடிவு கட்டிவிட்டேன். இத்தனை வருடம் வெள்ளைச் சோற்றைத் தின்ற உடம்பு, தேறிவர நாளாகும் என்று அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். மறுநாளிலிருந்து சூப்பை இரண்டு வேளையாக்கினேன். கீரைக்காரம்மாவிடம் முருங்கைக்கீரை தினம் வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அவர் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர். வீட்டில் பசங்க எத்தனை பேர் சார் என்று கேட்டார். நானும் அக்காவும்தான் என்றேன். அவர் கீரைக்கட்டின் மேல் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். காலை பத்தரை மணிக்கு நான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. வழக்கம்போலக் கொஞ்ச நேரம் பேச்சை விடாமல் பேசிக்கொண்டேதான் எழுந்து போனேன். அக்கா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். விழவில்லை, மெதுவாக இறங்கி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் கிடந்தது. எழுந்திரு என்றேன். கால் வரவில்லை என்றாள். பயந்த மாதிரி இல்லை, ஒரு தகவலைச் சொல்வது மாதிரி சொன்னாள். கையைத் தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. நாடி பிடித்துப் பார்க்கத் தெரியாது எனக்கு. ஆனாலும் பிடித்தேன். எண்ணுவதற்குள் அடுத்தது வருமா வராதா என்பது போல அவ்வளவு மெல்ல அடித்தது.

கீழ்வீட்டுக்காரரும் நானும் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். ஆட்டோவில் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் நான் கையால் முன் சீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, தட்டினா வண்டி போகாது சார் என்று மெதுவாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு காகிதம் எடுத்தார்கள். அதைப் பார்த்த இளம் டாக்டர் ஓடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அங்கே எல்லாரும் வேகமாக நடந்தார்கள். ஊசிகள் போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. அந்த வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை நடை நடந்தேன் என்று தெரியாது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகம்தான். முதல் தடவையாக அதை எடுக்காமல் விட்டேன்.

மதியம் பெரிய டாக்டர் கூப்பிட்டார். அக்காவின் சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் கெட்டிருக்கின்றன, அது நேற்று இன்று நடந்தது அல்ல, சர்க்கரையால் பல வருடமாக நடந்தது என்றார். இப்போது நடந்தது வேறு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், இவருடையது தள்ளவில்லை, அது இதயத்தைப் பிடித்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு கேட்டார், என்ன சாப்பிடுகிறார்கள் என்று.

நான் சொன்னேன். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்ல ஆரம்பித்தேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. வாழைத்தண்டு, இளநீர், முருங்கைக்கீரை, பச்சைப்பயறு, பீட்ரூட், தக்காளி, வாழைப்பழம், அவரைக்கொட்டை. எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. யார் இந்தச் சாப்பாட்டை எழுதிக் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் அவள் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், துணிக்கடை பிளாஸ்டிக் பையில் எல்லாம் தேதிவாரியாக இருந்தது. ஊர் டாக்டர் ஒரு தாளில் தமிழில் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். இளநீர் வேண்டாம், கீரை வேண்டாம், பழம் கேட்டுவிட்டுச் சாப்பிடவும், காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடவும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அடுப்பின் மேல் காலையில் வேகவைத்த கீரைத் தண்ணீர் மூடியபடி இருந்தது.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு அவளைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். டயாலிசிஸ் இல்லாமலே பொட்டாசியம் இறங்கிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை ஒன்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லி அதை மாற்றினார்கள். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அந்த டாக்டர் அதை இரண்டு தடவை சொன்னார் என்று நினைக்கிறேன். நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

வார்டில் முதல் நாள் அக்காவுக்கு வெள்ளைச் சோறும் மோரும், வடித்த சுரைக்காயும் வந்தன. ஆசையாகச் சாப்பிட்டாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்க முடியவில்லை எனக்கு. நடுவிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

அவள் கையில் இருந்த கவளத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"சொன்னேன்டா. வந்த மொத வாரமே சொன்னேன். நீ மிக்சிய போட்டுக்கினு இருந்தே. கீரை கூடாதுன்னு சொன்னாங்கன்னு சொன்னேன். ஊர் டாக்டருங்களுக்கு என்னா தெரியும்னே."

எனக்கு அது நினைவே இல்லை. பிறகு நினைவு வந்தது. மிக்சி சத்தத்துக்கு மேலே அவள் ஏதோ சொன்னதும், நான் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னதும், மூடியை அழுத்திப் பிடித்திருந்த என் கையும்கூட நினைவு வந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லியிருக்கலாமில்ல" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "உன் வூட்டுல வந்து இருக்கேன். போட்டத தின்னாம இது வேணாம் அது வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. பள்ளிக்கூடத்துல அப்படிச் சொல்ற புள்ளைங்கள நான் திட்டியிருக்கேன்."

நான் வெளியே போய் வராந்தாவில் நடந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் உணவு ஆலோசகர் ஒருவர் வந்தார். கன்னடப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், தமிழ் நன்றாகவே பேசினார். நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டேன். முழுதானியம் கூடாதா, தோலோடு கூடாதா, பயறு எவ்வளவு, தக்காளி எவ்வளவு. இத்தனை நாள் நான் படித்ததெல்லாம் பொய்யா என்றுகூடக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பொய் இல்ல சார். நீங்க சாப்பிடறது உங்களுக்கு நல்லது. அவங்களுக்கு நல்லது இல்ல. அஷ்டே."

அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் அவர் சொன்னபோது ஒரு கதவை மெல்லச் சாத்திய மாதிரி இருந்தது.

அதன் பிறகு நான் சமைக்கக் கற்றுக்கொண்டது முதலில் கற்றுக்கொண்டதற்கு நேர் எதிரானது. காயைத் தோல் சீவ வேண்டும். சின்னச் சின்னதாக நறுக்கி வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிறைய வைத்து வேகவிட வேண்டும். அந்தத் தண்ணீரையும் வடிதட்டில் வடித்துக் கொட்டிவிட வேண்டும். சுரைக்காய், முட்டைக்கோஸ், சௌசௌ, பீர்க்கங்காய், கோவைக்காய் இவற்றுக்குள் வாரம் ஓட வேண்டும். முதல் நாள் முட்டைக்கோஸ் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும்போது கை ஒரு கணம் நின்றது. வெளிர்ப்பச்சையாக ஆவி பறக்க அது சுழன்று இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் யாரிடமெல்லாம் என்னவெல்லாம் பேசினேன் என்று வரிசையாக ஞாபகம் வந்தது.

தண்ணீர் வடித்த காயில் ருசி போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு, கடைசியில் நாலு துளி எலுமிச்சை. உப்பைக் குறைத்த இடத்தை மிளகும் சீரகமும் கொஞ்சம் நிரப்பும். தேங்காய் ஒரு சிட்டிகை போல. இந்தச் சமையலையும் நான் சும்மா விடவில்லை. சமையலறைத் தராசு வாங்கினேன். ஊறும் நேரத்துக்குப் போனில் மணி வைத்தேன். என்னென்ன எவ்வளவு என்று பெரிய தாளில் கட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். அவள் தட்டில் போட்டதை அளந்தேன், அவள் குடித்த தண்ணீரை அளந்தேன். காலையில் எழுந்ததும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்பேன். வேலை நேரத்தில் நாலு தடவை எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவேன். சமையல் மாறிவிட்டது. நான் மாறவில்லை.

மூன்று வாரம் பொறுத்தாள் அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோவைக்காயைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தபோது எழுந்து வந்தாள். தராசின் சுவிட்சை அணைத்தாள். மேடையிலிருந்து அதைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தாள். சத்தமே போடவில்லை.

"இனிமே எனக்கு நான் ஆக்கிக்கிறேன். நீ உனக்கு ஆக்கிக்கோ. இல்லன்னா நீலசந்திராவுல ஒரு ரூம் பாத்துக் குடு, நான் போறேன்."

பெங்களூரிலேயே நீலசந்திராவில் அவளோடு முன்பு வேலை பார்த்த ஒருத்தி தன் மகன் வீட்டில் இருந்தாள். அவர்கள் இருவரும் போனில் பேசிக்கொள்வது தெரியும். பேச்சு இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியாது. நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் என்றுதான் சொல்லப்போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் நான் சாப்பாட்டில் எழுந்து ஓடும்போது பிடிப்பாள், அதே பிடி.

"எனக்குப் பயம் இல்லன்னு நெனைக்கிறியா. எனக்கும் பயம்தான். ஆனா நான் திங்கறது எனக்குத் தெரியணும். நீ ஊட்டி ஊட்டி நான் நோயாளியா உக்காந்திருக்க முடியாது."

நான் ஹாலுக்குப் போனேன். அவளுடைய நாற்காலி அங்கே இருந்தது. அதில் உட்கார்ந்தேன். உள்ளே கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டது. ஒரே சீராக, என்னைவிட மூன்று மடங்கு வேகமாக. தண்ணீர் கொதிக்கும் சத்தம், அது தொட்டியில் இறங்கும் சத்தம். நான் மூன்று தடவை எழுந்தேன், மூன்று தடவையும் கதவு வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை எழுந்தபோது அவள் உள்ளிருந்தே, அங்கேயே இரு என்றாள். இருந்தேன். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

கோவைக்காயை அவள் வட்டமாக நறுக்கியிருந்தாள். நான் எப்போதும் நீளவாக்கில் நறுக்குவேன். வேகவைத்து வடித்து, இரும்புச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரம் சிவக்கும்வரை பிரட்டியிருந்தாள். உப்பு எனக்கே குறைவாகத்தான் தெரிந்தது. ஆனால் வாயில் போட்டதும் கோவைக்காய் என்று தெரிந்தது. நான் வடித்துச் செய்தபோதெல்லாம் அது என்ன காய் என்றே தெரியாமல் போய்விடும். எப்படிச் செய்தாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவளாகவே, வடிச்ச காய ஒரு துணியில பரத்தி ஈரத்த ஒத்தி எடுக்கணும், அப்பதான் சட்டி பேசும் என்று சொன்னாள்.

அன்றிலிருந்து அடுப்பு இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அவளுடையது, வலது பக்கம் என்னுடையது. அவளுக்கு வெள்ளைச் சோறு, எனக்குச் சாமை. அவளுக்கு வடித்த சௌசௌ, எனக்குக் கீரை. என் கீரை கொதிக்கும்போது அவள் சிலநேரம் மூடியைத் திறந்து வாசனை பிடித்துவிட்டு மூடுவாள். அவளுக்குக் கீரை ரொம்பப் பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் மாதங்களில் என் சமையலை ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் சாப்பிட்டதில் அந்த ஆசைக்கும் பங்கு இருந்திருக்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கீரைக்காரம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, என்ன சார் இப்பல்லாம் ஒரே ஒரு கட்டு என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். தெருவில் ஒருத்தரிடம் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கீரையை அக்கா சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று சொன்னேன். அவர் தன் கூடையைப் பார்த்தார். கீரையைக் குற்றம் சொன்னேனோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்கா இப்ப நல்லா இருக்காங்களா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கட்டை எடுத்தார்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா நீலசந்திராவுக்குப் போகவில்லை. ஆனால் வாரத்தில் ஒருநாள் பஸ் ஏறிப் போய் அந்தச் சிநேகிதியோடு இருந்துவிட்டு மாலையில் வருவாள். அன்றைக்கு அங்கே என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் படும் பாடு அவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றும்போதே, இட்லியும் மோரும்தான் என்று அவளாகச் சொல்லிவிட்டு உள்ளே போவாள். சிறுநீரகம் நல்லதாகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. மெதுவாக இறங்கும், அந்த மெதுவை நீட்டிக்கொண்டு போவதுதான் நம் வேலை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறோம்.

போன மாதம் முடிவு வரும் நாளில் நான் காலையிலிருந்து வேலையில் மனம் ஒட்டாமல் போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அக்கா மேடையில் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கிறேனா போனைப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாமல் அங்கும் இங்கும் நடந்தேன். அவள் நிமிராமல் ஒரு கிண்ணம் பூண்டை என் பக்கம் தள்ளினாள். உரி என்றாள். நான் நின்றபடியே ஒரு பல்லை எடுத்தேன். உக்காந்து உரி என்றாள். உட்கார்ந்தேன். ஏழெட்டுப் பல் உரித்திருப்பேன், போனில் செய்தி வந்தது. கையெல்லாம் பூண்டு. துடைத்துவிட்டுத் திறந்தேன். பொட்டாசியம் எல்லைக்குள் இருந்தது. சொன்னேன்.

அக்கா தலையாட்டினாள். சட்டியில் கடுகைப் போட்டாள். பூண்டு இன்னும் பாதிக்கு மேல் உரிக்காமல் கிடக்கிறது என்று சொன்னாள்.